படிவம் ஒன்பது

இசக்கிச்செல்விக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் ஒரு நாள்கூட அவளை யாரும் கைது செய்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளாங்கரை உப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்க அறையில், கையிலிருந்த காபியைப் பாதி குடித்து முடிப்பதற்குள், நாற்பத்து மூன்று முறை கைதானவளாக மாறிப்போனாள்.

சங்கச் செயலாளர் ஜெயசிங்தான் முதலில் பார்த்தான். பத்திரத்தில் சங்கத் தலைவியான அவள் பெயரை ஏற்றப் போனவன், திரையை வேட்டி நுனியால் இரண்டு தடவை துடைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“யக்கா, உங்க எண்ணைப் பாத்தியளா?”

“என் எண்ணுல பாக்கதுக்கு என்னடே இருக்கு? முட்டைதான்.”

“முட்டை இல்லக்கா. நாப்பத்தி மூணு.”

அவள் சிரித்தாள். ஜெயசிங் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவள் காபியைக் கீழே வைத்தாள்.

எண் என்றால் என்னவென்று இன்றைக்குப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். திறந்த பதிவுச் சட்டம் வந்து பதினாறு வருடமாகிறது. நல்ல மனசோடு வந்த சட்டம். அதற்கு முன்னால், போலீஸ் கூட்டிப்போன பிள்ளை எந்த ஸ்டேஷனில் இருக்கிறான் என்று தெரியாமல் தாய்மார் ஊர் ஊராக அலைந்தார்கள். இனி எந்தக் கைதும் ஒளிவில் நடக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் யாருடைய கைதுப் பதிவையும் கேட்கலாம், கேட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊரே கை தட்டியது. இசக்கிச்செல்வியும் தட்டினாள். பிறகு, கேட்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று தொகுப்பான் என்றொரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது மாநிலத்திலுள்ள பதிவுகளையெல்லாம் வாசித்து, இது இன்னார், இது இன்னார் என்று சேர்த்து, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண்ணைப் போட்டது. அவர் இத்தனை தடவை கைதானவர் என்று அர்த்தம். வழக்கு நின்றதா, விடுதலையா, பொய்ப்புகாரா என்பதெல்லாம் உள்ளே போய்ப் படித்தால் தெரியும். யார் உள்ளே போய்ப் படிக்கிறார்கள்? வாடகைக்கு வீடு கேட்டால் எண்ணைப் பார்க்கிறார்கள். பெண் கேட்டு வந்தால் ஜாதகத்துக்கு முன்னால் எண்ணைப் பார்க்கிறார்கள். ஐந்துக்கு மேல் போனவர் பொதுச்சொத்துப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போட முடியாது என்று பிற்பாடு ஒரு விதியும் வந்து சேர்ந்தது.

அந்த விதிதான் இப்போது இசக்கிச்செல்வியின் குரல்வளையைப் பிடித்தது. வெள்ளாங்கரையின் முந்நூற்றுப் பத்து ஏக்கர் உப்பளத்தை, அதில் வேலை செய்கிறவர்களின் சங்கத்துக்கே கொடுக்கச் சொல்லி இருபத்தேழு வருடம் போராடி, ஒருவழியாக உத்தரவு வந்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சங்கத் தலைவி பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் உத்தரவு காலாவதி, நிலம் ஏலத்துக்குப் போகும். தலைவியை மாற்றலாம் என்றால் பொதுக்குழுவுக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். கையில் இருந்ததோ பத்து நாள்.

“எந்தப் பாவி என் பேர்ல இத்தனை கைதை ஏத்துனான்?” என்றாள்.

ஜெயசிங் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “பழைய ஸ்டேஷன்ல கெடந்த காகிதப் பதிவேட்டையெல்லாம் போன வாரம் தொகுப்பானுக்குள்ள ஏத்திருக்காவ. நாப்பத்தி மூணும் ஒரே நாளு யக்கா, ரெண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவுல. நம்ம லாரி மறிச்ச நாளு.”

இசக்கிச்செல்வி எழுந்தாள். அடுத்த நிமிடம் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

பதிவு வாசல் என்று பெயர் வைத்த அந்த அலுவலகம் மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் வளாகத்தின் ஓரத்தில் இருந்தது. ஒற்றைச் சாளரம். உள்ளே நறுமுகை என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். விதிமுறைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது.

“எண் மட்டும் போதும்னா படிவம் ஒண்ணு, இப்பவே சொல்லிடுவேன். முழுப் பதிவோட நகல் வேணும்னா படிவம் நாலு. ஸ்டேஷன் பேர், தேதி, வரிசை எண் மூணும் எழுதணும். மூணு வேலை நாள் ஆகும். யாரு கேட்டாங்கன்னு வெளியில பலகையில போடுவோம், போன்லயும் வரும்.”

“என் பதிவை நான் கேட்டாலும் பலகையில போடுவியளா?”

“கேக்குறதும் திறந்ததுதாம்மா. யாரு யாரைப் பத்தி விசாரிக்கிறாங்கன்னு ஊருக்குத் தெரியணும். அதுவும் அதே சட்டம்தான்.”

இசக்கிச்செல்வி சாளரத்துக்குள் தலையை நுழைத்தாள். “சரி, ஒண்ணு கேக்கேன். மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து ஆறுக்குள்ள ஒருத்தியை நாப்பத்தி மூணு தடவை பிடிச்சிருக்காவளா? பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு விளையாடுனாவளோ?”

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அலுவலகத்தில் இருப்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டாள். “தொகுப்பான் அப்படியெல்லாம் யோசிக்காதும்மா. பேர் ஒண்ணு, அப்பா பேர் ஒண்ணு, ஊர் ஒண்ணு. வரிசை எண் மட்டும் வேற வேற. அப்போ ஒரே ஆள், நாப்பத்தி மூணு கைது.”

“பெருவிரல் ரேகைன்னு ஒண்ணு வைப்பாவளே?”

“அதையும் பாத்திருக்கு. நாப்பத்தி மூணுலயும் ரேகைன்னு ஒரு கோடுகூட இல்ல. அதனாலதான் எல்லாம் ஒரே விரல்னு முடிவு பண்ணிடுச்சு.”

இசக்கிச்செல்வி தன் பெருவிரலைப் பார்த்தாள். பதிமூன்று வயதில் உப்பு வாரப் போனவள். உப்புத் தண்ணீரும் வாருபலகையும் சேர்ந்து பத்து வருடத்தில் விரல் நுனியைத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கிவிடும். ரேஷன் கடை இயந்திரம் வெள்ளாங்கரைப் பெண்களின் விரலை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. உப்பளத்துக்காரிக்கு ரேகை கிடையாது என்பது ஊரில் நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும். தொகுப்பானுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“இது நான் இல்லன்னு எழுதிக் குடுக்க எந்தப் படிவம்?”

“அப்படி ஒண்ணு கிடையாதும்மா. வெச்சா எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க. கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு வருஷமாவது ஆகும்.”

“பின்ன என்னதான் வச்சிருக்கிய?”

நறுமுகை கொஞ்சம் தயங்கினாள். பிறகு எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு கட்டை எடுத்து வந்தாள். சணல் கயிறு பிரிக்காத கட்டு. “படிவம் ஒம்பது. இதுக்குப் பேரு ‘இது நான்’. இன்னொருத்தர் பேர்ல இருக்கிற கைது என்னோடதுன்னு ஒருத்தர் தானா வந்து எழுதிக் குடுத்து, பதிவுல இருக்கிற அங்க அடையாளமும் பொருந்திச்சுன்னா, அங்க ஒண்ணு குறையும், இவங்களுக்கு ஒண்ணு கூடும். நான் இங்க வந்து ஆறு வருஷம். ஒருத்தர்கூட வாங்கினதில்ல.”

இசக்கிச்செல்வி படிவம் நான்கை மட்டும் எழுதிக் கொடுத்தாள். பின்பக்கம் முழுக்க வரிசை எண்கள், ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை. படிவம் ஒன்பதைத் தொடவே இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போராட்டம் தொடங்கிய வருடத்து அந்த நாளை நினைத்தாள். நினைக்கப் பிடிக்காத நாள் அது, ஆனாலும் நினைத்தாள். உப்பளத்தை ஏலம் எடுத்தவர்களின் லாரிகளை மறித்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அவள்தான், நிறைமாத வயிற்றோடு. மூன்றாம் நாள் மத்தியானம், இசக்கிச்செல்வியைத் தூக்கிவிட்டால் மற்றவர்கள் தானாகக் கலைந்துவிடுவார்கள் என்று மேலிடத்து உத்தரவு வருகிறது என்ற செய்தி போலீஸ் வேனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தங்கபுஷ்பம்தான் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் படுக்கவைத்து, அம்பாரம் மூடுகிற பனையோலைக் கிடுகைப் போட்டு அவளையும் மூடினாள். ‘நீ வாயைத் தொறந்தேன்னா பிள்ளை லாக்கப்புல பொறக்கும்’ என்று சொல்லிவிட்டு, மற்ற பெண்கள் ஏறியிருந்த வேனில் தானும் போய்க் கடைசியாக ஏறிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. ஏட்டையா சிவனணைந்தபெருமாள் காகிதப் பதிவேட்டை எடுத்துப் பேர் கேட்டார். முதலில் நின்றவள் சொன்னாள்: இசக்கிச்செல்வி, தகப்பன் பேர் பலவேசம். இரண்டாவது நின்றவளும் அதையே சொன்னாள். மூன்றாவதும் அதேதான். ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தனை முகங்களையும் பார்த்தாராம். பிறகு, சொன்னதைச் சொன்னபடி எழுதினாராம். இசக்கிச்செல்வியைப் பிடித்தாகிவிட்டது என்று மேலே செய்தி போனது. மறுநாள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அதற்குள் அவளுக்கு மகள் பிறந்துவிட்டாள்.

வெள்ளாங்கரையில் இதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்கள். சொல்லிச் சொல்லி, இளவட்டங்கள் அவளும் ஜெயிலுக்குப் போனவள் என்றே நினைத்துவிட்டார்கள். மகள் முத்தரசி பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மா கைதானவர்’ என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி வந்தாள். இசக்கிச்செல்வி அதைத் திருத்தவில்லை. திருத்தாதது முள்ளாக உள்ளேயே கிடந்தது. ஒரே ஒருத்திதான் அதை வெளியே இழுத்துப் போட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குழாயடிச் சண்டையில் சுடலைவடிவு கேட்டுவிட்டாள்: ‘நாங்க லாக்கப்புல கெடந்தோம், நீ ஓலைக்குள்ள கெடந்த. உனக்கு என்னளா தலைமை?’ அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் இசக்கிச்செல்விக்கு ஆறவே இல்லை.

யாரிடமும் கேட்பதில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்காகப் போனவர்கள். இன்றைக்கும் போய் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? கோர்ட்டுக்குப் போகலாம், அமைச்சரைப் பார்க்கலாம், தவணை கேட்கலாம் என்று மனதுக்குள் ஏதேதோ போட்டுப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

ஆனால் பலகை சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே லூர்தம்மாள் வாசலில் வந்து நின்றாள். அறுபத்தொரு வயது. வேனில் முதலில் ஏறியவள், ஏட்டையாவிடம் முதலில் பேர் சொன்னவளும் அவள்தான்.

“ஏளா, போன்ல பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்லி என்ன செய்ய? வீட்டுக்காரரு எண் பாத்துத்தானே உனக்கு வீடு தந்தாரு? ஒண்ணு ஏறுனா காலி பண்ணச் சொல்லுவாரு.”

“சொல்லட்டும்.”

“போக்கிடம் எங்க இருக்கு உனக்கு?”

“அது என் பாடு.” லூர்தம்மாள் படியில் உட்கார்ந்தாள். “நீ ஒண்ணு நெனைச்சுக்கிட்டு இருக்க, அது தப்பு. உனக்காக நான் இதைச் செய்யப் போறதா நெனைக்க. பேர் மாத்திச் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. இந்த எண்ணு வந்த பொறவுதான் ஒறைச்சுது. ஒரு நா முழுக்க லாக்கப்புல இருந்தவ நானு. என் பேரைத் தட்டுனா முட்டைங்குது. என் மருமவ சொல்லுதா, அத்தை நீங்க போராட்டத்துக்கே போவலைன்னு. நான் போனதுக்கு அத்தாட்சி உன் பேர்ல கெடக்கு. என் கைதை எங்கிட்ட குடுளா.”

இசக்கிச்செல்வி வாய் கொப்பளிக்க மறந்து நின்றாள். இந்தப் பக்கமாக ஒருவர் யோசிக்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை நகல்கள் வந்தபோது சாளரத்துக்கு முன்னால் இரண்டு மினிபஸ் கூட்டம். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற அதே முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிலருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஒருத்தியை மகன் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான். நறுமுகை சணல் கயிற்றை அறுத்தாள்.

“வரிசை எண் ஒண்ணு. அங்க அடையாளம், வலது முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்பு.”

லூர்தம்மாள் சட்டைக் கையை மேலே ஏற்றிச் சாளரத்துக்குள் நீட்டினாள். நறுமுகை பார்த்து, “பொருந்துது” என்றாள். மசிப் பலகை நகர்ந்து வந்தது. ரேகையில்லாத பெருவிரல் படிவத்தில் ஒரு கருப்புத் தீற்றலை வைத்தது. சுவரிலிருந்த திரையில் இசக்கிச்செல்வியின் பெயருக்கு நேராக 43 போய் 42 வந்தது. லூர்தம்மாளின் பெயருக்கு நேராக 0 போய் 1 வந்தது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அவ்வளவுதான், அதன் பிறகு ஒவ்வொருத்திக்கும் கைதட்டல். பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“ரெண்டு. கழுத்துல இடப்பக்கம் மச்சம்.”

“அந்த மச்சத்துக்குத்தான் என் மாப்பிள்ளை என்னைக் கட்டுனாரு. நல்லாப் பாத்துக்க தாயி.”

“ஏழு. கீழ் வரிசையில ஒரு பல் இல்ல.”

“இப்ப மேல் வரிசையுமில்ல. செல்லுமா?”

நறுமுகை விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. “செல்லும்” என்றாள்.

எல்லாமே சிரிப்பாக நடந்தது என்று சொன்னால் அது பொய். பதினோராவது எண்ணுக்காரி மகளின் கல்யாணத்தைப் பேசி முடித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே ‘சம்பந்தம் வேண்டாம்’ என்று செய்தி அனுப்பினார்கள். லூர்தம்மாளை மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இருபத்தாறாம் எண்ணுக்காரிக்குச் சத்துணவுக்கூட வேலை போனது. தெரிந்துதான் வந்தார்கள். ஒருத்திகூட விரலை வைக்கும்போது கையைப் பின்னால் இழுக்கவில்லை. இசக்கிச்செல்வி ஓரமாக நின்று ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அது அவள் கையில் இல்லை.

பதினெட்டாவதாக வந்தாள் சுடலைவடிவு. கெண்டைக்காலில் நாய் கடித்த வடு. சேலையைச் சற்றே தூக்கிக் காட்டிவிட்டு, சாளரத்தைப் பார்த்தே சொன்னாள்: “இவளுக்காக நான் வரலை. என்னுதை வாங்க வந்தேன்.” விரலை வைத்துவிட்டு, இசக்கிச்செல்வியைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். போனவள் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். வந்த மினிபஸ் கிளம்பியும் ஏறவில்லை.

சனி, ஞாயிறு போய், திங்கட்கிழமை மாலைக்குள் உயிரோடிருந்த முப்பத்து மூன்று பேரும் வந்து முடித்துவிட்டார்கள். எண் பத்துக்கு வந்து நின்றது. அது போதாது. மீதியில் ஒன்பது பேர் இறந்துபோனவர்கள்.

“படிவம் ஒம்பதுல கீழ சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு” என்றாள் நறுமுகை. “வாரிசு கையெழுத்துப் போடலாம். ஆனா அந்தக் கைது வாரிசு பேருக்குக் கீழதான் நிக்கும். அவங்க செய்யாததுக்கு அவங்க பேர்ல ஒண்ணு ஏறும். எனக்கே இது நியாயமாப் படல. நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.”

அவள் சிபாரிசு செய்யவேண்டிய தேவையே வரவில்லை. செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அப்பளக் கடைக்காரர், வங்கி ஊழியர், தாலுகா அலுவலகத்தில் வேலைக்காகக் காத்திருக்கும் ஒருத்தி. தங்கபுஷ்பம் செத்துப் பதினோரு வருடமாகிறது. அவள் மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், எங்கோ நடுக்கடலில் இருந்தான். அவன் கம்பெனி ஒவ்வொரு துறைமுகத்திலும் எண் பார்க்கும். அவன் கப்பலிலிருந்தே திரையில் வந்து, “நாப்பத்தி ரெண்டாவது எங்கம்மா. காது மடல்ல கிழிசல்னு இருக்கும் பாருங்க. கம்மலைப் பிடிச்சு இழுத்தது நான்தான், சின்னப்பிள்ளையில. என் பேருக்குக் கீழ போடுங்க” என்றான்.

எண் ஒன்றுக்கு வந்தது.

ஐந்துக்கு வந்தபோதே பத்திரம் பிழைத்துவிட்டது. ஜெயசிங் போனில் கத்திய கத்தலுக்குச் சாளரக் கண்ணாடி அதிர்ந்தது. நிலம் வெள்ளாங்கரைக்குத்தான். பெண்கள் ஆட்சியர் வளாகமென்றும் பார்க்காமல் குலவை போட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பி நின்றுகொண்டார்.

ஆனால் அந்தக் கடைசி ஒன்று யாருடையது? நாற்பத்து மூன்றாம் வரிசை எண். பெயர் அதேதான், தகப்பன் பெயரும் அதேதான். அங்க அடையாளம் என்ற இடத்தில் மட்டும் ‘பின்பக்கம் காண்க’ என்று எழுதியிருந்தது.

“வேன்ல நாப்பத்தி ரெண்டு பேருதான்” என்றாள் லூர்தம்மாள் அடித்து. “மறுநா காலையில ஏட்டையா வாங்கியாந்த இட்லிப் பொட்டலம் நாப்பத்தி ரெண்டு. எடுத்துப் பங்கு வச்சவ நானு. மிச்சமும் இல்ல, குறையவும் இல்ல.”

நறுமுகை இசக்கிச்செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அம்மா, இதை விட்டுடுங்க. மத்த எல்லாத்துக்கும் ஆள் வந்துட்டதால, இதுக்கு மட்டும் யாரும் உரிமை கோரலைன்னு நான் ஒரு குறிப்பு எழுதலாம், அந்த ஒண்ணும் அழிஞ்சிடும். உங்க எண் பழையபடி முட்டை. சுத்தமா போயிடலாம்.”

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் சரி என்றிருப்பாள். இப்போது அவளுக்கு அது கசந்தது. “எவளோ ஒருத்தி எனக்காக உள்ள போயிருக்கா. அவ ஆருன்னுகூடத் தெரிஞ்சுக்கிடாம அழிக்கச் சொல்லுதியா? பின்பக்கத்தைப் பாக்க என்ன செய்யணும்?”

“நகல்ல முன்பக்கம்தான் வரும். பின்பக்கம்னா அசல் பதிவேட்டையே கிடங்குலேர்ந்து எடுத்துட்டு வரணும். படிவம் நாலு, தனியா இன்னொண்ணு.” சொல்லிக்கொண்டே அவள் படிவத்தை எடுத்து, ஸ்டேஷன் பெயர், தேதி, வரிசை எண் மூன்றையும் தானே எழுதிவிட்டாள். “மூணு நாள் ஆகும்னு எழுதியிருக்கும். நானே கிடங்குக்குப் போறேன். நாளை மறுநாள் காலையில வாங்க.”

வியாழக்கிழமை காலை பதிவேடு சாளரத்தில் இருந்தது. கரையான் ஓரம் தின்ற தடித்த நோட்டு. இசக்கிச்செல்வியோடு லூர்தம்மாளும் இன்னும் சில பெண்களும் வந்திருந்தார்கள். சுடலைவடிவு யாரும் கூப்பிடாமலே வந்து, நாலடி தள்ளி நின்றாள். நறுமுகை நாற்பத்து மூன்றாம் பக்கத்தை முதலில் முன்புறம் காட்டினாள். கைநாட்டுக் கட்டத்தை விரலால் தொட்டாள். அங்கே மசித் தீற்றல்கூட இல்லை. வெறும் வெள்ளைத்தாள். தேய்ந்த விரலுக்கும் வைக்காத விரலுக்கும் தொகுப்பானுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி வாசிக்க ஆரம்பித்தாள்.

“‘வரிசை எண் நாற்பத்து மூன்று. மேற்படி இசக்கிச்செல்வி நேரில் ஆஜராகவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி, நடக்க இயலாதவர் என்று தகவல். கடைசியாக வந்த நாற்பத்திரண்டாம் எண் பெண், நாங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர், எங்களில் ஒருத்தியை விட்டுவிட்டு நோட்டை மூடினால் நான் கைநாட்டு வைக்க மாட்டேன், அவளும் எங்களோடு கைதானவள்தான் என்று கூறி ஒரு மணி நேரமாக நகர மறுத்ததால், இவர் பெயரும் சேர்க்கப்பட்டது. சொந்தப் பிணையில் விடுவிக்கப்பட்டதாகக் கொள்ளவும். இவரைத் தேட வேண்டியதில்லை. சிவனணைந்தபெருமாள், தலைமைக் காவலர்.’”

நாற்பத்திரண்டாம் எண் தங்கபுஷ்பம். ஓலையைப் போட்டு மூடிவிட்டு வேனில் ஏறியவள், தன் சிநேகிதியை அங்கேயே விட்டுவிடவில்லை. மற்றவர்கள் லாக்கப்புக்குள் போன பிறகு ஏட்டையாவின் மேஜைக்கு முன்னால் தனியாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். அவர் எழுதினாரா இல்லையா என்பது எழுதப்படிக்கத் தெரியாத அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை போலும்.

இசக்கிச்செல்வி சாளரத்தின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “படிவம் ஒம்பது குடு.”

“இது ஏற்கெனவே உங்க பேர்லதாம்மா இருக்கு. படிவம் தேவையே இல்ல.”

“எல்லாரும் வச்சாவ. நானும் வைக்கணும்.”

நறுமுகை விதிமுறைப் புத்தகத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். மசிப் பலகை சாளரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. இசக்கிச்செல்வியின் கை எட்டுவதற்கு முன் நாலடி தள்ளி நின்றவள் வந்து, அதை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் சுடலைவடிவு அவளிடம் பேசினாள்.

“வையிளா.”

வைத்தாள். பதிவேட்டிலிருந்த நாற்பத்திரண்டு தீற்றல்களைப் போலவே இன்னொரு தீற்றல்.

மறுநாள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பதிவாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டார். “பெயர்?”

“இசக்கிச்செல்வி. தகப்பன் பேர் பலவேசம்.”

“எண்?”

திரையில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஆள் தன் வாயால் சொல்லவேண்டும் என்பது விதி. கூனிக்குறுகி முணுமுணுப்பார்கள், அல்லது பொய் சொல்லிப் பார்ப்பார்கள். இசக்கிச்செல்வி தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே நிற்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஒண்ணு.”